மருத்துவ ஆராய்ச்சியால் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம்?

"அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) ஆணியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் ஜக்.

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். மழைக்குப் பீலித் தண்ணி (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது) கலங்கினால், வேலைக்குப் போவோர் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கும். நாலு நாளில் அஞ்சாறு பிள்ளைகள் படுத்துவிடும். அம்மாயி காலத்தில், குடிப்பதெல்லாம் அப்படியே போகிறதே என்று தண்ணியை நிறுத்திவிடுவார்களாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு மூத்த மாமா ஒருவர் ஒன்றரை வயதில் அப்படித்தான் போனார்.

அந்த நியாயத்தை உடைத்தது ஆராய்ச்சி. வயிற்றோட்டத்திலும் குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இழுத்துக்கொள்ளும், தண்ணியும் கூடவே போகும். 1968இல் டாக்காவில் கொலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 1971இல் பங்களாதேஷ் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவில் நிறைந்தபோது நரம்பில் ஏற்றும் சேலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் அந்த உப்பு, குளுக்கோஸ் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. டாக்டர் இல்லாத இடத்தில் தாயே கொடுக்கக்கூடிய மருந்து என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக லொறி தேடியவர்களுக்கு அது புரியும்.

அந்தக் கரைசலுக்கான தூள் சின்னப் பக்கெட்டில் (உறையில்) வரும்; எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஜீவனி. அம்மா பக்கெட்டைச் சாராயப் போத்தலில் கரைப்பார். போத்தல் 750 மில்லிலீற்றர், பக்கெட்டோ ஒரு லீற்றருக்கானது. பார்த்துவிட்ட மிட்வைஃப் மிஸ், "அக்கா, அளவு பிசகினா அது மருந்தில்ல, உப்புத் தண்ணி" என்று சொல்லி, ஜக்கில் ஒரு லீற்றர் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் ஆணியால் கீறிவிட்டுப் போனார். அந்தக் கீறல் வரைதான் பிறகு எல்லாம்.

இதில் வேடிக்கை, பக்கெட்டின் அளவே கொஞ்சம் கூட என்று பிறகு தெரிந்தது. சோதனைகளில், கரைசலின் செறிவைக் குறைத்தபோது வாந்தி குறைந்தது, சேலைன் ஏற்றவேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் செறிவை ஐந்தில் ஒரு பங்களவு குறைத்தது. சரியென்று நம்பியதையே திரும்பச் சோதித்துப் பார்த்தார்களே, எனக்குப் பிடித்தது அதுதான்.

(பீலித் தண்ணியை எந்த ஆராய்ச்சியும் வந்து சுத்தப்படுத்தாது. அது நிர்வாகத்தோடு பேசவேண்டிய தனிக்கதை.)

என் மகளுக்கு வந்தபோது ஜீவனியோடு சிங்க் மாத்திரையும் தந்தார்கள்: நாளுக்கு 20 மில்லிகிராம், பதினாலு நாள். மூணாம் நாளே நின்றுவிட்டது. "நின்னுருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார் அம்மா. அடுத்த ரெண்டு மூணு மாசத்தில் திரும்ப வருவதை அது குறைக்கும் என்றேன். நம்பவில்லை. ஆனாலும் தினமும் முணுமுணுத்துக்கொண்டே கரண்டியில் கரைத்து ஊட்டியது அவர்தான்.