குருவி வைத்த நெருப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வைக்கிங் அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா பற்றி ஒரு காணொளி பார்த்தேன். சிசிலியில் ஒரு ஊரைப் பிடிக்க, அங்கே கூடு கட்டியிருந்த குருவிகளைப் பிடித்து முதுகில் நெருப்பு வைத்துப் பறக்கவிட்டானாம். கூரைகள் பற்றிக்கொண்டு ஊரே சரணடைந்ததாம். இப்படி ஒரு மாவீரன் நிஜமாகவே இருந்தானா, எல்லாம் கட்டுக்கதையா?

சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

ஆள் நிஜம். குருவிக் கதை அவருடையது அல்ல என்றே நினைக்கிறேன்.

அதே கதையைக் கீவ் அரசி ஓல்காவைப் பற்றியும் சொல்கிறார்கள். கணவனைக் கொன்ற கூட்டத்தாரிடம் வீட்டுக்கு மூன்று புறா, மூன்று குருவி என்று கப்பம் வாங்கி, அவற்றின் காலில் நெருப்பைக் கட்டித் திருப்பி அனுப்பினாளாம். ஹரால்ட் இளமையில் அடைக்கலம் புகுந்தது கீவ் அரசர் யாரோஸ்லாவிடம். பிற்பாடு அவர் மகளையே மணந்தார். யாரோஸ்லாவின் கொள்ளுப்பாட்டிதான் ஓல்கா. மாமனார் வீட்டுக் கதை மருமகன் பேரில் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

நிஜத்துக்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. ஹரால்ட் சில காலம் பைசாந்தியப் பேரரசின், அதாவது கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின், படையில் இருந்தார். 1070-களில் கெகௌமெனோஸ் என்ற பைசாந்தியர் ஒரு நூல் எழுதினார். அயல்நாட்டாருக்குப் பெரிய பதவி தரவேண்டாம், சின்னப் பட்டமே போதும் என்று அதில் பேரரசருக்கு ஆலோசனை சொல்கிறார். அதற்கு உதாரணம் நம் ஹரால்ட். 500 வீரர்களுடன் வந்தார், சிசிலியிலும் பல்கேரியாவிலும் போரிட்டார், நடுத்தரப் பட்டம் கிடைத்தது, முணுமுணுக்கவில்லை. ஊர் திரும்ப அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள்; ரகசியமாகக் கிளம்பிப் போனார். பல்கேரியப் போரில் தானும் இருந்ததாகக் கெகௌமெனோஸ் சொல்கிறார். புகழ்வதற்காக எழுதியதல்ல என்பதால் இதை நம்புகிறேன்.

ஊர் திரும்பி, 1046-இல் நார்வேயின் அரசரானார். நெருப்பு என்றால் இங்கேதான் பார்க்கவேண்டும், சுந்தர். டென்மார்க்கின் பெரிய வணிக நகரமான ஹெடெபியை எரித்தார். வரி கட்ட மறுத்த தன் நாட்டு விவசாயிகளின் வீடுகளையே கொளுத்தினார். அந்தத் தீயை அவருடைய அரசவைப் புலவர் புகழ்ந்து பாடிய பாட்டு இன்றும் இருக்கிறது. ஹார்ட்ராடா என்றாலே கடுமையாக ஆள்பவர் என்றுதான் பொருள். மாவீரன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு எரிந்தவர்களை நினைத்தால் எனக்கு அந்தச் சொல் வரவில்லை.

அப்புறம் 1066. இங்கிலாந்தின் அரியணைக்கு உரிமை கோரி யார்க் நகரருகே இறங்கினார். செப்டம்பர் 20 அன்று ஃபுல்ஃபர்டில் வெற்றி. ஐந்தே நாளில் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் இங்கிலாந்து அரசர் ஹெரால்டு காட்வின்சனின் படை எதிரே வந்து நின்றது. நல்ல வெயில் என்பதால் நார்வே வீரர்கள் கவசங்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அப்போது ஹரால்ட் ஒரு பாட்டுக் கட்டினார் என்கிறது ஐஸ்லாந்தின் ஸ்னோரி 1230 வாக்கில் எழுதிய வரலாறு. கவசமில்லாமல் வாளுக்கு எதிரே போகிறோம், கவசம் கப்பலருகே கிடக்கிறது என்று, எளிய யாப்பில். முடித்ததும், “இது சரியாக அமையவில்லை, இன்னும் நன்றாக ஒன்று சொல்கிறேன்” என்றாராம். இரண்டாவது பாட்டு மோனையும் உள்ளெதுகையும் விடாமல் வரவேண்டிய கடுமையான யாப்பு. கேடயத்துக்குப் பின்னால் பதுங்கமாட்டோம், தலை நிமிர்ந்து போ என்று ஒரு பெண் எனக்குச் சொன்னாள் என்று போகிறது.

160 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டதுதான், இதுவும் கதையாக இருக்கலாம். ஆனால் என்னால் தள்ள முடியவில்லை. குருவி யோசனையை யார் பேரிலும் ஏற்றலாம். எதிரி கண்ணெதிரே நிற்கும்போது யாப்பு சரியில்லை என்று திருத்தி எழுதுவது பாட்டுக் கட்டிப் பழகியவருக்கே வரும். அவர் பாடியதாக வேறு பாடல்களும் கிடைத்திருக்கின்றன.

அன்று அவர் தொண்டையில் அம்பு தைத்தது. வந்த கப்பல்கள் 300. மிஞ்சியவர்களை ஏற்றிச் செல்ல 24 போதுமானதாக இருந்தது.