அபார்ட்மென்ட் செக்யூரிட்டி திருடனைப் பிடித்து வைக்கலாமா? போலீஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும்?

பிடிக்கலாம். ஆனால் அது யூனிஃபார்ம் தரும் அதிகாரம் அல்ல, பொதுமக்கள் எவருக்கும் உள்ளதுதான். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-வது பிரிவுப்படி, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் பிடிப்பவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்பது போதாது. பிடிபட்டவரை வீண் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். கத்தி வைத்திருந்தால் வாங்கி வைக்கலாம். பாக்கெட்டைத் துழாவுவதைப் போலீசுக்கு விட்டுவிடுங்கள். அடித்தால் கேஸ் செக்யூரிட்டி மேலேயே திரும்பும்.

112-க்குப் போன் போட்டதும் ஒருவர் மெயின் கேட்டில் நிற்கட்டும். பூட்டு உடைந்த கதவை யாரும் தொடக்கூடாது, ஹவுஸ்கீப்பிங் அந்த மாடியைப் பெருக்கக்கூடாது. கைரேகை போய்விடும்.

பெரும்பாலும் திருடன் போன பிறகுதான் விஷயம் தெரியவரும். அப்போது ரெஜிஸ்டரும் சிசிடிவியும்தான் துணை. வண்டி நம்பரை முழுசாக, செக்யூரிட்டியே பார்த்து எழுத வேண்டும். வருபவர் கையில் பேனாவைக் கொடுத்தால் கிறுக்கல்தான் மிஞ்சும்.

சிசிடிவியில் அதிகம் சொதப்புவது டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) கடிகாரம். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வரும்போது நேரம் மாறிவிடும். அதை உடனே திருத்தாதீர்கள். திரையில் காட்டும் நேரத்தையும் மொபைல் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்துப் பென் டிரைவில் எடுங்கள். மானிட்டரை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆளைத் தேட உதவலாம், கோர்ட்டுக்கு உதவாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்பட்டதா என்று காட்டும் அடையாளக் குறியீடு) இருக்க வேண்டும். டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு தானாக அழியும் என்பதால் அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் சொல்லித்தராமல் ஆளைக் கேட்டில் நிறுத்துவது ஏஜென்சியின் தவறு. 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. ஒப்பந்தம் போடும்போதே அசோசியேஷன் பயிற்சிச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆளை ஒப்படைக்கும்போது நேரம், ஸ்டேஷன், வந்த காவலர் பெயர் மூன்றையும் ரெஜிஸ்டரில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.