பெட்டி விலையும் பரண் கணக்கும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. பிளாஸ்டிக் மாடல் கிட் (பெட்டியில் பாகம் பாகமாக வரும் குட்டி விமானம், டாங்கி, கப்பல்) வாங்கிக் கட்டுகிறவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் ரயில்வே பட்டறையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன், கணக்காளன் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் கை சுட்டுக்கொண்ட அனுபவம் நிறைய. கீழே சொல்லும் விலையெல்லாம் நான் கொடுத்த விலை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஏரோப்ளேன் கிட் வேண்டும் என்று மூன்று மாதமாக நச்சரிக்கிறான். கடையில் ஆயிரத்துக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. அதற்கு மேல் பெயிண்ட், பசை என்று வேறு சொல்கிறார்கள். ஆரம்பிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?
– ஓர் அம்மா, மதுரை

2,800 ரூபாய்க்குள் முடிக்கலாம், அம்மா. எப்படி என்று சொல்கிறேன்.

1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் சண்டை விமானம், வாங்கிக் கொடுங்கள். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி கிட் 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். 1/72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலமாகத் தெரிவார். விமானம் முழுவதும் ஐந்து அங்குல நீளம், ஆறு அங்குலச் சிறகு. உள்ளங்கையில் நிற்கும். பிளாஸ்டிக் மாடலுக்கான பசை 450 ரூபாய். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். சூப்பர் க்ளூ போட்டால் அதன் ஆவி பட்டு விமானி உட்காரும் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். என் முதல் நாலு விமானத்திலும் விமானி பனிமூட்டத்துக்குள்தான் இருந்தார்.

கடைக்காரர் 24 புட்டி பெயிண்ட் செட்டை எடுத்து நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பிட்ஃபயருக்கு மேலே பச்சையும் மண்நிறமும், அடியில் லேசாகப் பச்சை கலந்த வானநிறம், சக்கரத்துக்கும் விசிறிக்கும் கறுப்பு. நாலே புட்டி, 880 ரூபாய். கட்டர் என்று தனியாக 2,000 ரூபாய்க்கெல்லாம் விற்கிறார்கள். ரேடியோ ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் ஒயர் நறுக்கும் சின்ன கட்டர் 150 ரூபாய், இப்போதைக்கு அது போதும். இரண்டு பிரஷ் 120, பிளேடு 60, ஹார்டுவேர் கடையில் தேய்ப்பதற்கு 400ம் நம்பர், 800ம் நம்பர் வாட்டர் பேப்பர் 30. அவ்வளவுதான். அடுத்த கிட் வாங்கும்போது பசை, பெயிண்ட் எல்லாம் மீதி இருக்கும். பெட்டிக்கு மட்டும் காசு.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். பாகத்தை அந்தச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒட்டி வெட்டக் கூடாது. முதல் வெட்டு ஒரு நெல்மணி நீளம் தள்ளி. அந்த மீதிக் கட்டையை பிளேடால் சீவி, அப்புறம் வாட்டர் பேப்பர். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்து, பாகத்திலேயே ஒரு குழி விழுந்துவிடும். அதை அடைக்க பட்டி (சந்து, குழி அடைக்கும் களிம்பு) என்று இன்னொரு 400 ரூபாய் செலவு.

என் கணவருக்கு 52 வயது. பரண் மேல் பிரிக்காத மாடல் பெட்டிகள் 43 இருக்கின்றன, எண்ணிவிட்டேன். போன வருஷம் கட்டி முடித்தது இரண்டு. கேட்டால் "இந்தக் கிட் இனிமேல் கிடைக்காது" என்கிறார். இது பொழுதுபோக்கா, வியாதியா?
– பெயர் வேண்டாம் என்றவர், கோவை

சகோதரி, உங்கள் கடிதத்தை என் வீட்டம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "43தானா?" என்றாள்.

எங்கள் பரணில் 61. இந்தக் குவியலுக்கு எங்களுக்குள் ஸ்டாஷ் என்று பெயர். உலகம் முழுக்க எல்லா மாடல்காரர் வீட்டிலும் இது உண்டு. ஆனால் ஊரெல்லாம் இருப்பதால் காசு மிச்சமாகிவிடாது. அதனால் என் கணக்கையே சொல்கிறேன். 2019லிருந்து ஒரு டைரி வைத்திருக்கிறேன். ஐந்து வருஷத்தில் 47 கிட் வாங்கினேன், 19 முடித்தேன். ஒரு கிட் சராசரியாக 2,000 என்றால் முடிக்காத 28 கிட்டுக்கு 56,000 ரூபாய் பெட்டிக்குள் தூங்குகிறது. இன்னொரு பத்தியில் மணிக்கணக்கு எழுதினேன். ஒரு சின்ன விமானம் எனக்கு 40 மணி நேரம் பிடிக்கிறது. 1,100 ரூபாய் கிட்டும் 300 ரூபாய்க்குப் பெயிண்டும் சேர்த்தால் மணிக்கு 35 ரூபாய். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அதைவிடக் கூட ஆகும். ஆக, கட்டுகிறவனுக்கு இது மலிவான பொழுதுபோக்கு. வாங்குகிறவனுக்குத்தான் விலை அதிகம். உங்கள் கணவரும் நானும் ஒரே உடம்பில் இந்த இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறோம்.

"இனிமேல் கிடைக்காது" என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. சின்ன கம்பெனிகள் ஒரே ஒரு தடவை அச்சில் வார்த்துவிட்டு நிறுத்திவிடும். ஆனால் டமியா, ஏர்ஃபிக்ஸ், ரெவெல் மாதிரிப் பெரிய கம்பெனி அச்சுகள் நாலைந்து வருஷத்தில் வேறு பெட்டியில், வேறு ஸ்டிக்கரோடு திரும்பி வருவது வழக்கம். டமியா ஷெர்மன் டாங்கியை "கிடைக்காது" என்று அவர் வாங்கி வைத்திருந்தால், அது சும்மா.

இன்னொன்றையும் பாருங்கள். பெட்டிக்குள் ஸ்டிக்கர் தாள் இருக்கும், டீகால் என்பார்கள். தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டுவது. பரண் சூட்டிலும் ஈரக்காற்றிலும் பத்து வருஷம் கிடந்தால் அது பழுத்துவிடும், தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடையும். போன வருஷம் 2008ல் வாங்கிய ஒரு பெட்டியைத் திறந்தேன். இந்திய விமானப்படையின் வட்டச் சின்னம் எட்டுத் துண்டாகக் கிண்ணத்தில் மிதந்தது. புது டீகால் தாள் தனியாக வாங்க 900 ரூபாய். பழுப்பு மட்டும் ஏறியிருந்தால் ஜிப் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைக்கலாம். சில வாரத்தில் வெளுக்கும்.

சண்டை போடாமல் ஒரு வழி சொல்கிறேன். இரண்டு முடித்தால் ஒன்று வாங்கலாம் என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. மூன்று மாதமாக நடக்கிறது. போன வாரம் நான் முடித்த இரண்டில் ஒன்று, ஏழே பாகம் உள்ள ஒரு குட்டி ஜீப். வீட்டம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே விமானம், ஒரே அளவு. ஒரு பெட்டி 900 ரூபாய், இன்னொன்று 3,800. படத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. எதற்கு இந்த விலை?
– கல்லூரி மாணவர், திருச்சி

படத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, அச்சைப் பாருங்கள். கிட்டின் விலையில் பிளாஸ்டிக்குக்கு ஆவது கொஞ்சம்தான். இரும்பைக் குடைந்து அச்சு செய்வதில்தான் பணம் போகிறது. அந்தச் செலவை ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். 1950களில் வெட்டிய அச்சுக்கு அந்தக் காசு எப்போதோ வந்துவிட்டது, அதனால் மலிவாக விற்க முடிகிறது.

1978ல் பர்மா பஜாரில் அப்பாவை நச்சரித்து 35 ரூபாய்க்கு ஒரு டைகர் மாத் (இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம்) கிட் வாங்கினேன். அவர் மாதச் சம்பளமே 600. வீட்டுக்கு வரும் வரை அவர் பேசவில்லை. விமானி உட்கார ஒரு பலகைத் துண்டு, பாகம் சேருமிடத்தில் தீப்பெட்டிக் குச்சி நுழையும் சந்து. நாற்பது வருஷம் கழித்துப் புது அச்சில் வந்த டைகர் மாத்தை வாங்கினேன். பாகங்கள் தாழ்ப்பாள் மாதிரி பொருந்தின. பட்டறைக்காரன் கண்ணுக்கு அது ஒரு சுகம். அதற்குக் காசு கொடுக்கலாம்.

ஆனால் 3,800 என்பதாலேயே புது அச்சு என்று நம்பிவிடாதீர்கள். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் கிட்டின் பெயரைப் போட்டால் அந்த அச்சு எந்த வருஷம் வெட்டியது, யார் யார் பெட்டியில் எல்லாம் வந்தது என்று வரிசையாகக் காட்டும். கடைக்குள் நுழையும் முன் பார்த்துவிடுங்கள்.

ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு ஒரு டி-72 கட்டிக் கொடுக்க ஆசை. 1/35 பெட்டி 3,000 என்றார்கள். கூடவே மெட்டல் பீரங்கிக் குழல், டாங்கி ஓடும் செயினுக்குத் தனித்தனிக் கண்ணி, பித்தளைத் தகடு எல்லாம் வாங்கச் சொல்லி பில் 9,000 வந்துவிட்டது. அவசியமா?
– ஆவடி வாசகர்

அவசியமே இல்லை. பெட்டிக்குள் இருப்பதே போதும். நிஜ டி-72 பீரங்கி 125 மில்லிமீட்டர். 1/35ல் அது மூன்றரை மில்லிமீட்டர் துவாரம் உள்ள குழல். பிளாஸ்டிக்கில் இரண்டு பாதியாக வந்தால் ஒட்டி, தையலை வாட்டர் பேப்பரில் தேய்த்துவிடுங்கள். அரை மணி வேலை. அதற்கா 1,200 ரூபாய்? செயினுக்கு டமியா கிட்டில் பெல்ட் மாதிரி வளையும் ஒன்று வரும். தனிக்கண்ணி செட் வாங்கினால் கிட் விலையே அதற்கும் ஆகும், நூற்றைம்பதுக்கு மேல் கண்ணியை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். மிச்சமாகும் 6,000த்தில் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இன்னும் இரண்டு டாங்கி கட்டலாம். பெயிண்ட் நிறத்துக்குப் புத்தகம் தேட வேண்டாம், அவரையே கேளுங்கள். பச்சை தப்பு என்று நிச்சயம் சொல்வார்.

1/35 என்ற இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1961ல் டமியா மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்று செய்தது. பேட்டரி உள்ளே அடங்கும்படி உடம்பைச் செய்துவிட்டு அப்புறம் அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35ல் ஒரு பங்கு. அதையே மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன.

பெரிய அளவுக்குத் தாவ நினைப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1/72லிருந்து 1/32 விமானத்துக்குப் போனால் நீளம் இரண்டே கால் மடங்கு. ஆனால் பெயிண்ட் அடிக்கும் பரப்பு ஐந்து மடங்கு. பிரஷ்ஷில் அடித்தால் தடம் தெரியும் என்று காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ், அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், அப்புறம் வைக்க அலமாரி என்று செலவு போய்க்கொண்டே இருக்கும்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்தால் பாதி விலை என்கிறார்களே?
– ஓசூர் வாசகர்

பெட்டிக்குப் பாதி விலை, சரி. கூரியர்காரர்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவார்கள். 38க்கு 24க்கு 8 பெட்டி ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். உள்ளே பிளாஸ்டிக் அரைக் கிலோ, மீதி ஜப்பான் காற்று. சுங்க வரி அந்தக் கூரியர் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள்.

இங்கே கடைக்காரரைத் திட்டுவதிலும் பயனில்லை. மாடல் கிட்டும் பொம்மையும் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மை மீதான வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கொஞ்சம் கட்டுப்படியாகும். தனி ஆளாக ஒரு பெட்டி என்றால் உள்ளூர் கடையே மேல்.

ஆண்டெனா கம்பி, இறக்கைக்கு இடையே கட்டும் கம்பிக்கெல்லாம் ஒரு சுருள் நூல் 600 ரூபாய். மாற்று உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

உண்டு, காசே இல்லை. பாகங்களை வெட்டிய பின் குப்பையில் போடும் சட்டத்தில் ஒரு சாண் துண்டு எடுங்கள். மெழுகுவர்த்தித் தீக்கு மேலே, தீயில் படாமல், உருட்டிக்கொண்டே காட்டுங்கள். நடுவில் பளபளப்பாகித் தொய்ய ஆரம்பிக்கும். உடனே தீயை விட்டு விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் நிதானமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஈர்க்குச்சி, வேகமாக இழுத்தால் தலைமுடி. பத்து விநாடி பிடித்திருந்தால் விறைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை ஆகாது. மீதிச் சட்டத்தைப் பொடியாக நறுக்கிப் பழைய பசைப் புட்டியில் போட்டு ஊறவிட்டால் குழி அடைக்கும் பட்டியும் தயார்.

கட்டி முடித்த மாடலை விற்றால் போட்ட காசு வருமா?
– சேலம் வாசகர்

என் மச்சினர் ஒரு போர்க்கப்பலை ஆசையாகக் கேட்டார். பெட்டி 1,800, பெயிண்ட் 600, மூன்று மாதம் ராத்திரி வேலை. 500 ரூபாய் கையில் திணித்துவிட்டு, "வெச்சுக்கோ, பரவாயில்லை" என்றார்.