‘வசுதைவ குடும்பகம்’ வேத வாக்கியமா?

அன்புள்ள ஐயா,
எங்கள் பள்ளி விழாவில் ‘வேதங்களில் உலக அமைதி’ என்று பேச வேண்டும். ‘வசுதைவ குடும்பகம்’ என்ற ரிக்வேத வரியோடு தொடங்கலாமா? பிள்ளைகள் ‘ஸங்கச்சத்வம்’ சொல்கிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதுமா?
ஓர் ஆசிரியை, கரூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘உலகமே ஒரு குடும்பம்’ என்னும் அந்த வரி நான்கு வேதங்களின் மந்திரத் தொகுப்புகளான சம்ஹிதைகளில் எதிலும் இல்லை. பிற்கால மகா உபநிடதத்தில் வருகிறது. நீதிக்கதை நூலான ஹிதோபதேசத்திலும் உண்டு; ஆனால் அங்கே அதைச் சொல்வது, மானைத் தின்னும் நோக்கத்தோடு நட்பு பாராட்டி வந்த நரி!

‘ஸங்கச்சத்வம்’ ரிக்வேதத்தின் கடைசிச் சூக்தத்தில், அதாவது மந்திரப் பாடலில் (10.191), இருக்கிறது. மொத்தமே 4 மந்திரங்கள். முதலாவது அக்னிக்கு. மற்ற மூன்றும் சேர்ந்து நடங்கள், சேர்ந்து பேசுங்கள், உங்கள் ‘ஸமிதி’ ஒன்றாகட்டும் என்கின்றன. ஸமிதி என்றால் கூடிப் பேசும் அவை. கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொன்னது. உலகம் என்று விரித்தது நாம்.

அதர்வவேதம் 3.30 இன்னும் நெருக்கமானது. ஈன்ற கன்றிடம் பசு காட்டும் அன்போடு ஒருவரையொருவர் நேசியுங்கள், அண்ணன் தம்பி பகைக்க வேண்டாம், குடிநீரும் சோறும் பொதுவாக இருக்கட்டும், சக்கரத்தின் நடுக்குடத்தைச் சுற்றிய ஆரக்கால்கள்போல் அக்னியைச் சூழ்ந்திருங்கள் என்று போகிறது. இவ்வகை மந்திரங்களுக்கு அதர்வவேதச் சடங்கு நூலான கௌசிக சூத்திரம் செய்முறையே தருகிறது: ஹோம நெய்யின் மிச்சம் சொட்டிய நீர்க்குடத்தை ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து நடுவில் கொட்ட வேண்டும். சுரா என்னும் மது நிறைத்த குடத்தாலும் அவ்வாறே. (பள்ளியில் நீர்க்குடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) ஊருக்குள் பிணக்கு தீர்க்கும் சடங்கு இது.

உங்கள் தலைப்புக்கு நான் எடுப்பது அதர்வவேதம் 7.52. நம்மவரோடு இணக்கம் வேண்டும், அயலாரோடும் இணக்கம் வேண்டும் என்று அசுவினி தேவர்களைக் கேட்கிறது. அந்த ‘அயலார்’ என்ற சொல்லில்தான் ஊரெல்லை தாண்டப்படுகிறது. கூடவே அதே வேதத்தின் பூமி சூக்தத்தின் 45ஆம் மந்திரம் (12.1.45): பல மொழி பேசும், பல வழக்கம் கொண்ட மக்களை ஒரே வீட்டாரைப்போல் பூமி தாங்குகிறாள். எல்லாரும் ஒரே மொழிக்கு வரவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும் தாள் விஷயத்தில் கவனம் தேவை. ‘ஸங்கச்சத்வம்’ என்பதை அடுத்து வரும், ‘சேர்ந்து பேசுங்கள்’ என்னும் சொல்லை ‘ஸம்வதத்வம்’ என்று வெறுமனே எழுதினால் ‘வத’ எந்த ஒலி என்று பிள்ளைக்குத் தெரியாது. சம்ஸ்கிருதத்தின் நான்கு ‘த’ ஒலிகளில் எத்தனையாவது என்று மேலே இடும் சிற்றெண் காட்டும். வத³ என்றால் பேசு. வத⁴ என்றால் கொல், நம் ‘வதம்’ அதிலிருந்து வந்ததுதான். ‘ஸங்க³ச்ச²த்⁴வம் ஸம்வத³த்⁴வம்’ என்று சிற்றெண் இட்டே கொடுங்கள். ஸ்வரத்தை, அதாவது ஓதும் குரலின் ஏற்ற இறக்கத்தை, வேதம் ஓதியவர் ஒருவரிடம் நேரில் கேட்டுப் பழகட்டும். தாளைப் பார்த்து அது வராது.