செக்யூரிட்டி கேள்வி-பதில்: எங்க படிக்கறது, எப்ப அப்டேட் பண்றது

வந்த கேள்விங்கள்ல பாதி "எங்க படிக்கறது", மீதி "இந்த அப்டேட்ட போடலாமா வேணாமா". கலந்தே எழுதிட்டேன்.

காமர்ஸ் படிச்சவ நான், கோடிங் சுத்தமா தெரியாது. சைபர் செக்யூரிட்டிக்கு வர முடியுமா?

தாராளமா வரலாம். ஆடிட், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் பக்கம் உங்க படிப்பு நேரடியாவே உதவும். ஆனா எடுத்த எடுப்புல ஹேக்கிங் கோர்ஸுக்கு பணம் கட்டாதீங்க, ஐபி அட்ரஸ்னா என்ன, டிஎன்எஸ் என்ன பண்ணுது, போர்ட்னா என்னனு தெரியாம டூல் மட்டும் ஓட்டினா ஸ்க்ரீன்ல ஓடறது எதுவுமே புரியாது. விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் பழகறதுக்கு ஓவர்தவயர் சைட்ல பேண்டிட்னு ஒரு கேம் இருக்கு, ஃப்ரீதான். ஒவ்வொரு லெவல்லயும் அடுத்த லெவலோட பாஸ்வேர்ட் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். ஆரம்பத்துலயே ஒரு லெவல்ல ஃபைலோட பேரே வெறும் ஒரு சின்ன கோடு (-). வழக்கம்போல ஃபைல்ல இருக்கறத காட்டற கேட் (cat) கமாண்ட் அடிச்சா ஒண்ணும் வராது, கர்சர் மட்டும் சிமிட்டிக்கிட்டு நிக்கும், ஏன்னா கோட்ட பாத்ததும் நீங்க கீபோர்ட்ல ஏதோ டைப் பண்ணப் போறீங்கன்னு நெனச்சு அது காத்துட்டு இருக்கு. கோட்டுக்கு முன்னாடி ஒரு புள்ளியும் ஸ்லாஷும் சேத்தா தொறந்துக்கும் (விடைய ஒடச்சிட்டேன், மிச்சத்த நீங்களே பாருங்க). இப்படி மாட்டிக்கிட்டு முழிச்சு வெளிய வர்றதுதான் இந்த வேலையே. அடுத்து வெப் பக்கம் போகணும்னா போர்ட்ஸ்விக்கரோட வெப் செக்யூரிட்டி அகாடமி, அதுவும் ஃப்ரீ, லேபோட இருக்கு.

செக்யூரிட்டி ப்ளஸ், சிஐஎஸ்எஸ்பி, ஓஎஸ்சிபி... இந்த சர்டிஃபிகேட்ல எத எடுக்கறது?

புதுசுன்னா காம்ப்டியா செக்யூரிட்டி ப்ளஸ். 3 வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். சிஐஎஸ்எஸ்பிக்கு 5 வருஷ அனுபவம் கேப்பாங்க, அதனால இப்ப அத தொடாதீங்க. ஓஎஸ்சிபி கிட்டத்தட்ட 24 மணி நேர ப்ராக்டிகல் எக்ஸாம், மெஷினுக்குள்ள நெஜமாவே நொழஞ்சு காட்டணும், அதுக்கப்புறம் ரிப்போர்ட்டும் எழுதணும். "வேலை கேரண்டி"ன்னு சொல்லி விக்கிற கோர்ஸ்ங்க மேல எனக்கு நம்பிக்கையே கிடையாது.

பழகறதுக்கு பக்கத்து வீட்டு வைஃபைய ட்ரை பண்ணலாமா?

கூடவே கூடாது. உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டற வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுல மெட்டாஸ்ப்ளாய்டபிள்ங்கற ஓட்டை நெறஞ்ச சிஸ்டத்த ஓட்டுங்க, ஒடைக்கறதுக்குன்னே செஞ்சது அது.

அப்டேட் போட்டா ஃபோன் ஸ்லோ ஆகுது. தள்ளிப் போட்டா என்ன ஆயிடும்?

முதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. ஆண்ட்ராய்ட் 15ல இருந்து 16க்கு போறது வேற, மாசா மாசம் வர்ற செக்யூரிட்டி பேட்ச், அதாவது ஓட்டைய அடைக்கற சின்ன அப்டேட், வேற. முன்னத வேணா ரெண்டு வாரம் பொறுத்துப் போடுங்க, பின்னத தள்ளாதீங்க. ஏன்னா பேட்ச் வெளிய வந்த உடனே அத திருடனும் எடுத்துப் பாக்கறான், ப்ரோக்ராமோட பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல வச்சு எந்த வரி மாறியிருக்குன்னு பாத்தா ஓட்டை எங்க இருந்துச்சுன்னு அவனுக்கு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் இன்னும் யாரெல்லாம் பேட்ச் போடலன்னு தேட வேண்டியதுதான் பாக்கி. ஃபைல்கள பூட்டி வச்சுட்டு பணம் கேட்ட வானாக்ரைங்கற மால்வேர எடுத்துக்கங்க. அது நொழஞ்ச விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது 2017 மார்ச் 14. வானாக்ரை பரவினது மே 12. நடுவுல ரெண்டு மாசம் கெடந்துச்சு, அப்பவும் பிரிட்டன்ல ஆஸ்பத்திரிங்க அப்பாயின்ட்மென்ட்ட கேன்சல் பண்ற நெலமைக்கு போச்சு.

அப்டேட்டாலயே தான க்ரௌட்ஸ்ட்ரைக் பிரச்சனை வந்துச்சு?

நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19, சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சு, காரணம் க்ரௌட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரு தப்பான கான்ஃபிகரேஷன் ஃபைல். அதுலேர்ந்து கத்துக்க வேண்டியது கம்பெனிங்கதான், மொதல்ல பத்து மெஷின்ல போட்டு ஒரு நாள் பாத்துட்டு அப்புறம் மத்ததுக்கு விடுங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு ஆட்டோ அப்டேட் ஆன்ல இருக்கறதுதான் நல்லது. பேக்கப் ஒண்ணு தனியா இருக்கட்டும், அவ்ளோதான்.

பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏறல.

பெரும்பாலும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்லாததாலயோ ப்ராசசர் பழசுங்கறதாலயோ இருக்கும். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ப்ரவுசர், மெயில், வீடியோதான் வேலைன்னா லினக்ஸ்லயே ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போடுங்க, பென் ட்ரைவ்ல இருந்தே ஓட்டிப் பாத்துட்டு பிடிச்சா இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

ரௌட்டரையுமா அப்டேட் பண்ணணும்?

ஆமா, எல்லாரும் மறக்கறது அதத்தான். 2016ல மிராய்ங்கற மால்வேர் ரௌட்டர், கேமரானு லட்சக்கணக்குல புடிச்சுது, அட்மின்-அட்மின் மாதிரி கம்பெனி வச்ச பாஸ்வேர்டயே ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துதான். அட்மின் பேஜுக்குள்ள போய் பாஸ்வேர்ட மாத்துங்க, ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் இருந்தா போடுங்க, வெளிய இருந்து லாகின் பண்ற ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. தயாரிச்ச கம்பெனி அந்த மாடலுக்கு ஃபர்ம்வேர் விடறதையே நிறுத்திட்டா, ரௌட்டர மாத்தறத தவிர வேற வழியில்ல.