எஸ்எஸ்டியில் ஸ்வாப் வைக்கலாமா?

கேள்வி: என் லினக்ஸ் மடிக்கணினியில் 8 ஜிபி ராம், 250 ஜிபி எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று ஆகியவை உள்ளன. எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பலரும் சொன்னதால் ராம் நிரம்பும்போது தரவை ஒதுக்கிவைக்கும் இடமான ஸ்வாப்பை ஹார்ட் டிஸ்க்கில் வைத்தேன். பிரவுசரில் பக்கங்கள் பெருகினால் கணினி அசையாமல் நின்றுவிடுகிறது. ஸ்வாப்பை மாற்றலாமா?

பதில்: தயங்காமல் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஸ்வாப்பில் உள்ள தரவு, பக்கங்கள் எனப்படும் சிறு சிறு துண்டுகளாக அங்கும் இங்குமாகப் படிக்கப்படுவதால், ஹார்ட் டிஸ்க்கின் முனை ஒவ்வொரு முறையும் இடம்பெயர வேண்டியிருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைக்கு மேல் அதனால் அப்படிப் படிக்க இயலாது. எஸ்எஸ்டிக்கோ நகரும் பாகமே இல்லை.

தேய்மானம் உண்மைதான்; ஃபிளாஷ் செல்களை ஓரளவுக்கு மேல் அழித்து எழுத முடியாது. ஆனால் எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் எழுதப்படுவதை எல்லாச் செல்களுக்கும் பரப்பிவிடுவதால், ஸ்வாப் பகுதி மட்டும் தனியே தேய்வதில்லை. 250 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 150 டெராபைட் வரை எழுதலாம் என உத்தரவாதம் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 20 ஜிபி ஸ்வாப்பில் எழுதப்பட்டாலும் அந்த அளவை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும். சாதாரணப் பயன்பாட்டில் அவ்வளவு எழுதப்படுவது அரிது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிட்டு, எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரு பத்திகளைக் கவனியுங்கள். எப்போதாவது எண்கள் தோன்றி மறைந்தால் பிழையில்லை. இரண்டிலும் ஓயாமல் பெரிய எண்கள் வந்துகொண்டிருந்தால் ராம் போதவில்லை என்று பொருள், அதை எந்த எஸ்எஸ்டியாலும் ஈடுசெய்ய முடியாது. ராம் கூட்ட வழியில்லையென்றால், பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் இசட்ரேமை முதல் ஸ்வாப்பாகவும், எஸ்எஸ்டியில் 4 ஜிபி கோப்பை முன்னுரிமை குறைந்த இரண்டாம் ஸ்வாப்பாகவும் அமையுங்கள். ஃபெடோரா லினக்ஸ் 2020இல் வெளியான 33ஆம் பதிப்பிலிருந்தே இசட்ரேமை இயல்பாக இயக்குகிறது. நினைவகத்தில் உள்ளதைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதி வேண்டுமானால் இசட்ரேம் உதவாது. ராம் அளவுக்கு எஸ்எஸ்டியில் இடம் ஒதுக்க வேண்டும்.

எஸ்எஸ்டியைக் காப்பதாக எண்ணி, ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 60இலிருந்து 1க்குக் குறைக்க வேண்டாம். அப்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பயன்படுத்தப்படாத பக்கங்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக, தேவையான கோப்புத் தற்காலிகச் சேமிப்பைக் கைவிட்டு மீண்டும் மீண்டும் படிக்க நேரிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கடவுச்சொற்கள் உட்பட நினைவகத்தில் உள்ள எதுவும் ஸ்வாப்புக்குப் போகலாம், எஸ்எஸ்டியில் மேலே வேறெதையாவது எழுதினாலும் பழைய தரவு அழிந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கோப்புகளை மறையாக்கம் செய்திருந்தால், ஸ்வாப்பையும் மறையாக்கம் செய்த பகுதிக்குள்ளேயே வையுங்கள்.