பழைய லாரியில் அடியில் வரும் சத்தம்: இன்ஜினைத் தொடும் முன்

கிளட்சை விடும்போது ஒரு 'டக்', அப்புறம் வேகம் ஏறினால் அடியில் தடதடப்பு, நியூட்ரலில் உருளவிட்டாலும் நிற்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள் அண்ணா. சந்தேகம் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) மேல்தான்.

சமதளத்தில் இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டை முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டமோ, அதன் பேரிங் மூடியான கப் ஓரம் துருப்பொடியோ தெரிந்தால் அந்த ஜாயின்ட்டை மாற்றியே ஆகவேண்டும். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஸ்லிப் ஜாயின்ட்டின் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் சறுக்கு இணைப்பு) இரு பக்கமும் பெயின்ட்டில் கோடு போட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். நிலை மாறிப் பூட்டினால் புது ஜாயின்ட்டிலும் அதிரும்.

அதுவரை லோடு ஏற்றாதீர்கள். ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் விழுந்தால் பிரேக் குழாயையும் அறுத்துவிடலாம்.